நம் எம்.எல்.ஏ. என்ன படித்தார், என்ன சேர்த்தார், என்ன செய்தார்: எங்கே போய்ப் பார்ப்பது?

கால்வாய்க்கரை எழுதியது:

வணக்கம். மதுரைக்கு வடக்கே, பெரியாறு பிரதானக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. தொகுதி, எம்.எல்.ஏ.வின் பெயர், கட்சி மூன்றையும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு உடனே கட்சிச் சண்டையாகிவிடும், எனக்கு வேண்டிய பதில் கிடைக்காது.

ஊர் முக்கில் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்று வைத்திருக்கிறார்கள். எம்.எல்.ஏ. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருக்கிறது. கீழே சாதனைப் பட்டியல்: பேருந்து நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம், நாடக மேடை, கால்வாய்ப் பாலம், வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய், மகளிர் உரிமைத் தொகை. இதில் நாடக மேடை உண்மையிலேயே வந்தது, திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். ஆனால் கால்வாய்ப் பாலம் பழைய பாலம்தான். ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் விழுந்து கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போகிறார்கள்.

எங்கள் மகளிர் குழுவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு திருப்பிக் கட்டினார் என்பதற்கு நோட்டில் கையெழுத்து இருக்கும். ஐந்து வருடம் ஒரு தொகுதிக்கே பொறுப்பாக இருந்தவருக்கு அப்படி ஒரு நோட்டு எங்கே இருக்கிறது என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. ஊராட்சித் தலைவரைக் கேட்கலாம் என்றால், 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலருக்குப் போய்விட்டது. அதிலிருந்து தெருவிளக்குக்குக்கூட எம்.எல்.ஏ. அலுவலக வாசலில்தான் நிற்கிறோம்.

அதனால் நாங்களே ஒரு தாள் தயார் செய்து வீட்டுக்கு வீடு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். அவர் என்ன படித்திருக்கிறார், சொத்து எவ்வளவு, வழக்கு என்ன, ஐந்து வருடத்தில் எங்கள் பக்கத்துக்கு எதைக் கேட்டு வாங்கினார் என்று இவ்வளவுதான் அதில் இருக்கும். எந்தக் காகிதத்தை எங்கே கேட்பது? என் வீட்டுக்காரர் "எதற்கு வம்பு" என்கிறார். எனக்குப் பயம் இல்லை. ஆனால் ஒரு வரிகூடத் தப்பாகப் போய்விடக் கூடாது.

---

மாட்டுத்தாவணி பழக்கடை எழுதியது:

அக்கா, முதல் பாதி உங்கள் போனிலேயே இருக்கிறது. வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். படிப்பு, சொத்து, கடன், வழக்கு, தொழில், வருமான வரிக் கணக்கில் காட்டிய ஐந்து வருட வருமானம் எல்லாம் அதில் வரும். மனைவி அல்லது கணவர், அவரை நம்பியிருக்கும் பிள்ளைகள் பெயரில் உள்ளதும் வரும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பத்திரத்தை அப்படியே ஸ்கேன் செய்து போட்டிருப்பார்கள். பழைய தேர்தல்களுக்கு 'மை நேதா' தளத்தில் தேடுங்கள், அதில் சுருக்கமும் இருக்கும். ஆனால் தாளில் எழுதுவதை மூலப் பத்திரத்தில் பார்த்துவிட்டே எழுதுங்கள்.

உங்கள் ஆள் இதற்கு முன்னாலும் நின்றிருந்தால் இரண்டு தேர்தல் பத்திரங்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'சொத்து இத்தனை மடங்கு ஏறியது' என்று மட்டும் போடாதீர்கள். படிவத்தில் நிலத்துக்கு இன்றைய சந்தை மதிப்பைக் கேட்கிறார்கள். நான்குவழிச் சாலை ஓரத்தில் தாத்தா காலத்துப் புஞ்சை இரண்டு ஏக்கர் இருந்தால், ஒரு செங்கல்கூட வைக்காமல் அதன் மதிப்பு ஏறிவிடும். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. சர்வே எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு இல்லாத எண் எது புதிதாக வந்திருக்கிறது, வாங்கிய தேதி என்ன, என்ன விலைக்கு வாங்கியதாக எழுதியிருக்கிறார்? தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 2017-ல் சம்பளமும் படிகளும் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்குப்படி ஐந்து வருடத்துக்கு 63 லட்சம். வேறு தொழில் வருமானம் என்று பத்திரத்தில் காட்டியிருப்பதை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கியவை அந்தத் தொகைக்குள் அடங்குகின்றனவா என்பதை ஊரே பார்த்துக்கொள்ளும்.

பட்டாவும் வில்லங்கமும் இணையத்திலேயே பார்க்கலாம். சந்தேகம் வந்தால் சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

---

ஓய்வுபெற்ற ஒன்றியம் எழுதியது:

அம்மா, நான் இந்த மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எம்.எல்.ஏ. நிதிக் கோப்புகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் கேட்ட அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்கிற நோட்டு இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை.

முதலில் எம்.எல்.ஏ.வின் வேலை என்ன என்று பார்த்துக்கொள்வோம். அவர் கையில் ரோடு போடுகிற அதிகாரமும் இல்லை, பாலம் கட்டுகிற பணமும் இல்லை. சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், மானியக் கோரிக்கையில் பேசலாம், சட்டத்துக்கு ஓட்டுப் போடலாம். அதிகாரிகளுக்கும் அமைச்சருக்கும் எழுதலாம். தொகுதி மேம்பாட்டு நிதியில் இன்ன வேலை செய்யுங்கள் என்று பரிந்துரைக்கலாம். அவ்வளவுதான். ஆகவே அவரை அளக்க ஒரே கேள்வி போதும் என்பேன்: நம் ஊருக்காக எதை, எந்தத் தேதியில், யாரிடம் எழுத்தில் கேட்டார்? வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. எழுத்தில் கேட்டிருந்தால் அது ஏதாவது ஒரு கோப்பில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது ஃபிளெக்ஸில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் மாநிலம் முழுக்கத் தொடங்கிய அரசுத் திட்டம். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. தொகுதியிலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. அதை ஒரு எம்.எல்.ஏ. தன் சாதனை என்று போட்டுக்கொள்வது சரியே இல்லை. உங்கள் ஊரில் தகுதி இருந்தும் விடுபட்டுப்போன பெண்களுக்காக அவர் மேல்முறையீட்டுக்கு உதவியிருந்தால், அதைச் சொல்லட்டும், பாராட்டலாம். வீட்டுக்கு வீடு குழாய் பெரும்பாலும் ஜல் ஜீவன் திட்டத்தில் வந்திருக்கும், ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடுகிற திட்டம் அது. தோப்பூர் எய்ம்ஸும் இப்படித்தான். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய ஒன்றிய அரசின் திட்டம் அது. அதன் தாமதத்தையும் ஒரு எம்.எல்.ஏ. தலையில் ஏற்றக் கூடாது. புகழுக்கு ஒரு நியாயம், பழிக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

நிழற்குடை, ரேஷன் கடை, நாடக மேடை மூன்றும் எம்.எல்.ஏ. நிதியில் வருகிற வழக்கமான வேலைகள். சுவரில் பதித்த கல்வெட்டையோ பெயர்ப் பலகையையோ போய்ப் பாருங்கள். திட்டத்தின் பெயர், நிதியாண்டு, மதிப்பீடு எழுதியிருக்கும். 'ச.ம.உ. தொகுதி மேம்பாட்டு நிதி' என்று இருந்தால் அது அவர் பரிந்துரைத்தது. 'பதினைந்தாவது நிதிக்குழு மானியம்' என்றோ 'அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்' என்றோ இருந்தால் அது அவர் நிதி இல்லை. ஊராட்சிப் பணத்தில் கட்டிய ரேஷன் கடையை எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்டித் திறந்து வைப்பது நம் பக்கம் சகஜம். ரிப்பன் வெட்டினதாலேயே அது அவர் கொடுத்தது ஆகிவிடாது.

தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு வருடம் 3 கோடி. எம்.எல்.ஏ. பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக மதிப்பீடு தயாராகி, ஆட்சியர் நிர்வாக அனுமதி கொடுப்பார். அப்புறம் டெண்டர், பணி ஆணை, வேலை நடக்க நடக்க அளவுப் புத்தகத்தில் பதிவு, கடைசியில் பட்டியல் தொகை. மாநகராட்சி வார்டு என்றால் இதே வேலையை மாநகராட்சி செய்யும். இந்த ஒவ்வொரு படிக்கும் தேதியோடு காகிதம் உண்டு. அந்தக் காகிதங்களைப் பார்த்தால் பணம் எங்கே போகிறது என்பது தெரியும். தொகுதியில் எத்தனை ஊராட்சி இருக்கிறது, அதில் எத்தனை ஊருக்கு ஐந்து வருடத்தில் ஒரு வேலைகூடப் பரிந்துரைக்கவில்லை, எந்த ஊருக்கு வருடா வருடம் போயிருக்கிறது? என் அனுபவத்தில், ஒரு எம்.எல்.ஏ.வின் மனசு இந்தப் பட்டியலில் தெரிவதுபோல மேடைப் பேச்சில் தெரியாது. மயானத்துக்குப் பாதை கேட்டு மனு மேல் மனு கொடுத்த காலனிக்கு ஒன்றும் வராமல், ஏற்கெனவே இரண்டு மேடை இருக்கிற தெருவுக்கு மூன்றாவது மேடை வந்ததை நான் கோப்பில் பார்த்திருக்கிறேன். கோப்பில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, விதி எதையும் மீறவில்லை. அதனால்தான் ஊர் இதைப் பார்க்க வேண்டும். தணிக்கையில் இந்தக் கேள்வி வராது.

இன்னொரு முக்கியமான காகிதம் இருக்கிறது. 2022-ல் முதலமைச்சர் எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். உங்கள் தொகுதியில் நீண்ட நாளாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை முன்னுரிமைப்படுத்தி ஆட்சியரிடம் கொடுங்கள் என்று கேட்டார். 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டம் அதுதான். ஆகவே உங்கள் எம்.எல்.ஏ. அப்போது பதவியில் இருந்தவர் என்றால், அவர் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டிய பட்டியல் அது. உங்கள் கால்வாய்ப் பாலம் அந்தப் பத்தில் இருக்கிறதா? இருந்தால் அவர் கேட்டிருக்கிறார், பிறகு அது எங்கே நின்றது என்று அரசைக் கேட்கலாம். இல்லையென்றால், ஃபிளெக்ஸில் பாலத்தை எந்த முகத்தோடு போட்டார் என்று அவரையே கேட்கலாம். உங்கள் தாளில் வேறு ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு பட்டியலை அச்சடித்துக் கொடுங்கள்.

சட்டமன்றப் பேச்சுக்கு வருகிறேன். பேரவையின் இணையதளத்தில் நடவடிக்கைக் குறிப்புகள் தமிழிலேயே இருக்கின்றன. கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையிலும் வருகிறது. எத்தனை கேள்வி கேட்டார் என்று எண்ணிக்கை போட்டு விட்டுவிடாதீர்கள். ஆளும் கட்சியில் இருப்பவருக்குப் பேச நேரம் ஒதுக்குவது கொறடா கையில் இருக்கும், அமைச்சராகிவிட்டால் கேள்வியே கேட்க மாட்டார். என்ன கேட்டார் என்று வாசியுங்கள். தலைவரைப் புகழ்ந்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் 'என் தொகுதிக்கு ஒரு கல்லூரி வேண்டும்' என்று முடிப்பவரும் உண்டு. 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடக் கேட்கிற உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிக்கு எந்தக் கண்மாய், எத்தனை அடி, எந்த மாதம் என்பதுதான் முக்கியம். உங்கள் கால்வாய்க்கும் அப்படித்தான். கேள்வியில் அந்த விவரம் இருந்தால் அவர் ஊருக்கு வந்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

அரிட்டாபட்டி டங்ஸ்டன் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்து, மேலூர்ப் பக்கத்து ஊர்கள் கொதித்து எழுந்தன. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் அதை எதிர்த்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தார்கள். அதே மாதம் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இப்போது ஆளாளுக்கு நான்தான் தடுத்தேன் என்று போஸ்டர் ஒட்டலாம். தீர்மானத்துக்குக் கை தூக்கியதை மட்டும் வைத்து எவரையும் தனியாகப் புகழ முடியாது, சபை முழுக்கத் தூக்கியது. ஏலச் செய்தி வெளியே வருவதற்கு முன்னால் யார் எதை எழுதினார், யாரிடம் கேட்டார் என்று தேதி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.எல்.ஏ. ஆக எந்தப் படிப்பும் தேவையில்லை. 25 வயது நிரம்பிய இந்தியக் குடிமகனாக இருந்து, மாநிலத்தில் எங்காவது வாக்காளராக இருந்தால் போதும். அது சரியான ஏற்பாடு என்றே நான் நம்புகிறேன். பள்ளிப் படிப்பை முடிக்காத காமராசர் ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். படிக்காததைக் கேலி செய்கிற வரி உங்கள் தாளில் வர வேண்டாம். உங்கள் ஊரில் பாதிப் பேரை அது புண்படுத்தும். படிக்காததைப் படித்தேன் என்று சொன்னாரா என்பதுதான் கேள்வி. படிவத்தில் படிப்பின் பெயர், நிறுவனம், முடித்த ஆண்டு மூன்றையும் கேட்டிருக்கிறார்கள். அங்கே முனைவர் பட்டம் இல்லாமல் ஃபிளெக்ஸில் மட்டும் 'டாக்டர்' இருந்தால், ஏதோ ஒரு அமைப்பு மேடையில் அங்கி போட்டுக் கொடுத்த மரியாதைப் பட்டமாக இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், விளக்கம் அவர் சொல்லட்டும்.

---

கிளை வழக்கறிஞர் எழுதியது:

பெரியவர் சொன்னதற்கு மேல், சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். நான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தொழில் செய்கிறேன்.

வழக்குகளைப் படிக்கும்போது எண்ணிக்கையை நம்பாதீர்கள் சகோதரி. நம் ஊர் அரசியல்வாதியின் பத்திரத்தில் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 143, 188, 341 என்று வரிசையாக இருந்தால் பெரும்பாலும் அது மறியல், தடையை மீறிய கூட்டம். தண்ணீர் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவர் மேலும் அந்த வழக்குத்தான் வரும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. 420, 406, 307, 354 என்று இருந்தால் நின்று படிக்க வேண்டும். முதல் இரண்டும் மோசடி, நம்பிக்கை மோசடி. மூன்றாவது கொலை முயற்சி, நான்காவது பெண்ணின் மானத்துக்குப் பங்கம். 2024 ஜூலை 1 முதல் நடந்ததாகச் சொல்லும் குற்றங்களுக்கான வழக்குகளில் பாரதிய நியாய சன்ஹிதாவின் புதிய எண்கள் இருக்கும், குழம்பிவிடாதீர்கள். குற்றச்சாட்டு வனையப்பட்டதா, எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன என்பதும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அந்த வழக்கு எண்ணை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று வரும். 2018, 2020 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வழக்கு உள்ளவர் அதைச் செய்தித்தாளில் விளம்பரம் செய்ய வேண்டும். வழக்கு இல்லாத ஒருவரை விட்டுவிட்டு ஏன் இவரை நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் வெளியிட வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடி எடுத்து வாசியுங்கள், கட்சி அவரைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அதில் தெரியும்.

பத்திரத்தில் பொய் இருந்தால் என்ன ஆகும்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெற்றியையே ரத்து செய்யக் கேட்கும் தேர்தல் மனு என்றால், முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட்டாக வேண்டும். ஐந்து வருடம் கழித்து அந்தக் கதவு திறக்காது. படிப்பில் பொய் சொன்னதற்குப் பதவி போயிருக்கிறது. மணிப்பூரில் எம்.பி.ஏ. படித்ததாக எழுதியவரின் வெற்றி செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதை, 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே சமயம், அருணாசலப் பிரதேச வழக்கு ஒன்றில் 2024-ல் வேறு மாதிரியும் சொன்னது. வேட்பாளர் தன்னிடம் உள்ள ஒவ்வொரு அசையும் பொருளையும் எழுதியே தீர வேண்டியதில்லை, பெரிய மதிப்புள்ளதை மறைத்தால்தான் விஷயம் என்றது. ஆகவே ஒரு பழைய பைக்கை விட்டுவிட்டார் என்று தலைப்புப் போடாதீர்கள்.

நீதிமன்றம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதற்கு நம் திருப்பரங்குன்றமே உதாரணம். 2016 நவம்பர் இடைத்தேர்தலில் ஏ.கே. போஸ் வென்றது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019 மார்ச்சில். அவர் 2018 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். சட்டத்தை நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஊர் படித்துவிடுவதுதான் விரைவான வழி. வேட்புமனுத் தாக்கலின்போது பத்திரத்தைத் தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். அதில் தவறு இருப்பதாக ஆதாரம் இருந்தால் நீங்களும் எதிர் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம், அதையும் அங்கே வைப்பார்கள். பொய் என்ற காரணத்துக்காக மட்டும் அந்த அலுவலர் மனுவைத் தள்ள முடியாது, ஆனால் உங்கள் ஆட்சேபணை பதிவாகிவிடும்.

கடைசியாக உங்கள் தாள். தேர்தல் தொடர்பான துண்டறிக்கை எதுவாக இருந்தாலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். 127ஏ பிரிவு அது. கையால் எழுதிப் பிரதி எடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே அச்சு என்றுதான் சட்டம் பார்க்கிறது, ஜெராக்ஸும் அதில் சேரும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தக் காகிதம், எந்தத் தேதி என்று போடுங்கள். 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்று எழுதலாம். 'குற்றவாளி' என்று எழுதக் கூடாது, தண்டனை விதித்த தீர்ப்பு உங்கள் கையில் இருந்தால் ஒழிய.

---

கால்வாய்க்கரை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று நாடக மேடைக் கல்வெட்டைப் போய்ப் பார்த்தோம், எம்.எல்.ஏ. நிதி என்றுதான் இருக்கிறது. அதை அப்படியே அவர் பெயரில் தாளில் சேர்ப்போம். ரேஷன் கடையில் நிதிக்குழு மானியம் என்று இருக்கிறது. நிழற்குடையில் பெயரும் படமும் மட்டும் இருக்கின்றன, ஆண்டும் மதிப்பீடும் இல்லை.

ஓய்வுபெற்ற ஐயாவுக்கு ஒரு கேள்வி. அந்தப் பத்துக் கோரிக்கைப் பட்டியலையும் பரிந்துரைக் கடிதங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது எங்கள் மகளிர் குழுவின் பெயரிலேயே கேட்கலாமா? யாராவது ஒரு பெண்ணின் பெயரில் போட்டால் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்களோ என்று பயப்படுகிறார்கள். பாலத்துக்கு வேறு வழி ஏதும் உண்டா?

---

ஓய்வுபெற்ற ஒன்றியம் எழுதியது:

அம்மா, குழுவின் பெயரில் வேண்டாம். தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்குத்தான். அமைப்பின் பெயரில் வந்தால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. தனி ஆள் பெயரில் போடுங்கள், ஒரே ஆள் வேண்டாம். ஒரு பெண் பரிந்துரைக் கடிதங்களைக் கேட்கட்டும், இன்னொருவர் பத்துக் கோரிக்கைப் பட்டியலை, மூன்றாமவர் நிழற்குடைக் கோப்பை. நான்கைந்து வீட்டிலிருந்து மனு போனால் யார் வீட்டு வாசலிலும் வந்து நிற்க அவர்களுக்குத் தைரியம் வராது. என் பெயரிலும் ஒன்று போடுகிறேன், தனிச் செய்தியில் தொகுதியைச் சொல்லுங்கள்.

மனுவைப் பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, மதுரை என்று எழுதிப் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டுங்கள். பத்துக் கோரிக்கைப் பட்டியலுக்கு ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர். நிழற்குடை நெடுஞ்சாலை ஓரம் என்றால் யார் கட்டியது என்று தெரியாமல் இருக்கலாம். அப்போது ஒன்றிய அலுவலகத்துக்கே போடுங்கள், அவர்களிடம் இல்லையென்றால் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

'ஏன் பாலம் கட்டவில்லை' என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். 'எங்கள் தொகுதியில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் வரப்பெற்ற பரிந்துரைக் கடிதங்களின் நகல்கள், ஊராட்சி வாரியாக வழங்கிய நிர்வாக அனுமதி, ஒவ்வொரு பணியின் மதிப்பீடு, செலவிட்ட தொகை, முடிவுற்ற தேதி' என்று எழுதினால் போதும். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்பார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்த அலுவலகத்திலேயே மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்கும் அசையவில்லையென்றால் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே போனால் நாளாகும், அதனால் இன்றைக்கே தொடங்குங்கள்.

பாலத்துக்குத் தனி வழி உண்டு. சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. பல வருடமாகத் தீராத பொதுப் பிரச்சினையை யார் வேண்டுமானாலும் அதற்கு எழுதலாம். குழு மாவட்டத்துக்கு வரும்போது அதிகாரிகளை வைத்துக்கொண்டே விசாரிக்கும். எம்.எல்.ஏ.வின் பரிந்துரை இதற்குத் தேவையே இல்லை. விழுந்த கைப்பிடிச் சுவரைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற நேரத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் மேல் இருப்பதால் அது நீர்வளத் துறைப் பாலமா, ஒன்றியப் பாலமா என்று முதலில் தெரிய வேண்டும். இது தெரியாமல் போட்ட மனு இரண்டு அலுவலகத்துக்கு நடுவில் சுற்றிக்கொண்டே கிடக்கும். கால்வாய் மடையைத் திறந்து மூடுகிற உங்கள் ஊர் லஸ்கரைக் கேளுங்கள், மடை எண்ணோடு சொல்லிவிடுவார்.